தக்காளிப் பெட்டியை எண்ணி மொழி உறவைக் கண்டுபிடிக்கலாமா?

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெட்டி ஏற்றுகிறவர் "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்பார். பெங்களூர் வண்டி டிரைவர் "ஒந்து, எரடு, மூரு" என்று சரிபார்ப்பார். சீட்டு எழுதுகிறவர் தமிழில் எண்ணுவார். "எல்லாம் ஒரே குடும்பம்தான்" என்று டீக்கடையில் முடிவே கட்டிவிடுவார்கள். விடை சரி, போட்ட கணக்குதான் தப்பு. நாமே போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு நோட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு எண்களைப் பத்து வரை எழுதுங்கள். கிருஷ்ணகிரி கடைத்தெருவில் காதில் விழும் உருதுவையும் பக்கத்தில் சேருங்கள். உருதுவில் எட்டுக்கு 'ஆட்'. நம் எட்டு போலவே இருக்கிறதே! இங்கேதான் நானும் ஏமாந்தேன். எண்பது, எண்ணூறு என்று சொல்லிப் பாருங்கள்: எட்டுக்குள் 'எண்' ஒளிந்திருக்கிறது. கன்னட 'எண்ட்டு'வில் அது வெளியிலேயே தெரியும். உருதுச் சொல் வடமொழி 'அஷ்ட' வழி வந்தது. இரண்டும் ஒலியில் நெருங்கியது தற்செயல்.

அடுத்து, கடன் வாங்கிய சொற்களைக் கழியுங்கள். லட்சம் வடமொழிச் சரக்கு, அது எதற்கும் சாட்சி ஆகாது. ஜப்பானியரின் இச்சி, நி, சன் சீனத்திலிருந்து போனவை. ஹிதோத்சு, ஃபுதாத்சு என்று அவர்களுடைய சொந்த எண்கள் தனியாக இருக்கின்றன. வியாபாரம் போகிற வழியில் எண்ணும் போகும்.

சரி, இனிதான் முக்கியமான வேலை. எண்களை விட்டு வெளியே வாருங்கள். பத்து கன்னடத்தில் ஹத்து. பால்? ஹாலு. புலி ஹுலி, பல் ஹல்லு. பழைய கன்னடத்தில் இவையும் 'ப'வில்தான் தொடங்கின. ஒரு சொல் ஒத்துப்போவதில் பெரிதாக ஒன்றுமில்லை. சொல்லுக்குச் சொல் ஒரே மாதிரி வேறுபடுவதுதான் சாட்சி. 'பூஜெ' மட்டும் ஹூஜெ ஆகவில்லையே என்றால், அது வடமொழியிலிருந்து வந்த விருந்தாளி.

எண் ஒத்துப்போகவில்லை என்பதற்காக உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசும் பிராகுயி நம் திராவிட உறவுதான். அதில் அசிட், இரட், முசிட் வரைதான் சொந்தம். நான்கிலிருந்து 'சார், பஞ்ச்' என்று அக்கம்பக்கத்து ஈரானிய மொழிகளின் எண்கள்.

அப்புறம், வீட்டுப் பாடம் ஒன்று. ஏழு, கோழி இரண்டுக்கும் தெலுங்கில் என்னவென்று தெரிந்தவரிடம் கேட்டு எழுதி, நம் 'ழ' அங்கே என்ன ஆகிறது என்று பாருங்கள்.