அதே 81 நிமிடம்: எண்பதுகளின் போலந்துப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலந்து இயக்குநர் கீஷ்லோவ்ஸ்கியைப் பிடித்துக்கொண்டு எண்பதுகளின் போலந்துப் படங்களுக்குள் இறங்குகிறவர்கள் வருடந்தோறும் வருகிறார்கள். பழைய ஆட்கள் விழுந்த குழிகளிலேயே வரிசையாக விழுகிறார்கள். கைப்பேசியில் பார்க்காதே, பாதியில் ஓட்டிப் பார்க்காதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்லித் தெரிய வேண்டியவை மட்டும் இங்கே.

படத்தின் நீளத்தைப் பார்க்காமல் ஓட விடுவது

இதுதான் பெரிய இழப்பு. போலந்து இயக்குநர் ஆந்த்ரே ஜுவாவ்ஸ்கியின் ‘பொசெஷன்’ 1981இல் வந்தது. மேற்கு பெர்லினில், சுவரை ஒட்டி எடுத்த படம். ஒரு கல்யாணம் இற்று விழுவதைக் காட்டுவதற்காக ஒரு பயங்கர ஜந்துவைக் கொண்டுவருகிறது. இதில் நடித்ததற்காக இசபெல் அட்ஜானிக்கு அந்த ஆண்டு கான் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. முழுப் படம் 124 நிமிடம்.

அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் அதை 81 நிமிடமாக நறுக்கினார்கள். 43 நிமிடம், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், காணாமல் போயிற்று. மிஞ்சிய காட்சிகளையும் இடம் மாற்றி ஒட்டினார்கள். கணவன் மனைவிக்குள் என்ன நடந்தது என்பது வெட்டுப்பட, கடைசியில் நின்றது ஜந்துவும் அலறலும்தான். இதைப் பார்த்துவிட்டு ‘மட்டமான பேய்ப்படம்’ என்று ஒரு நட்சத்திரம் கொடுப்பவர்களைக் கண்டால் எரிச்சலாகத்தான் வருகிறது. அவர்கள் அந்தப் படத்தை இன்னும் பார்க்கவே இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கையில் இருப்பது 119 நிமிடம் என்றதும் ‘ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்கள்’ என்று சண்டைக்கு வருவது. அது வெட்டு அல்ல. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பாவின் பால் (PAL) முறைத் தொலைக்காட்சி 25. அந்தக் காலத்து டிவிடி தயாரிப்பாளர்கள் குறுக்குவழியாகப் படத்தையே கொஞ்சம் வேகமாக ஓடவிட்டார்கள். ஒரு காட்சியும் குறையாது. ஆனால் நீளம் நான்கு சதவீதம் சுருங்கும், குரல்களின் சுருதி ஓர் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும்.

ஆகவே முதலில் கணக்கு. பால் பிரதி என்றால், படத்தின் அசல் நீளத்தை 0.96ஆல் பெருக்குங்கள். விடை உங்கள் பிரதியோடு ஒரு நிமிட வித்தியாசத்துக்குள் ஒத்துப்போனால் பிரதி முழுமையானது. 124க்கு 119 சரி. கீஷ்லோவ்ஸ்கியின் ‘எ ஷார்ட் ஃபிலிம் அபவுட் கில்லிங்’ 84 நிமிடம், பாலில் 81. அங்கே 81ஐக் கண்டு பயப்பட வேண்டாம். ‘பொசெஷ’னில் அதே 81ஐக் கண்டால் உடனே நிறுத்துங்கள். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கென்றே 25 ஃபிரேமில் எடுத்தவையும் உண்டு, அவற்றுக்கு இந்தப் பெருக்கல் பொருந்தாது.

பால் பிரதிதான் கிடைத்தது என்றால் பிளேயரில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். கூடவே சுருதியைத் தானாகக் காப்பாற்றும் வசதியை அணைக்க வேண்டும். விஎல்சி பிளேயரில் அதன் பெயர் ‘டைம் ஸ்ட்ரெச்சிங்’. அணைக்காவிட்டால் படம் சரியான வேகத்துக்கு வந்த பிறகும் குரல் கீச்சென்றே இருக்கும்.

சப்டைட்டில் நழுவுவதற்கும் காரணம் இதே 24–25 தகராறுதான். பால் பிரதிக்குச் செய்த சப்டைட்டிலை 24 ஃபிரேம் பிரதியில் போட்டால் நிமிடத்துக்கு 2.4 விநாடி முந்தும், ஒரு மணி நேரத்தில் 2 நிமிடம் 24 விநாடி. தாமதப் பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்ப்பவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை 25இலிருந்து 23.976க்கு ஒருமுறை மாற்றிச் சேமித்தால் வேலை முடிந்தது.

4:3 படத்தை டிவி முழுக்க நிரப்புவது

கூடாது. கீஷ்லோவ்ஸ்கியின் பத்துப் பகுதித் தொலைக்காட்சித் தொடரான ‘டெக்கலாக்’ 4:3, அதாவது அகலம் நான்கு என்றால் உயரம் மூன்று. அதை இன்றைய அகல டிவியின் 16:9க்குள் நிரப்ப வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும்.

நிறத்தைச் ‘சரி’ செய்வது

‘கில்லிங்’ படம் பச்சையும் மஞ்சளும் கலந்த அழுக்கு நிறத்தில், ஓரங்கள் இருண்டு கிடக்கும். பிரிண்ட் கெட்டுப்போகவில்லை. ஒளிப்பதிவாளர் ஸ்லாவோமிர் இட்ஜியாக் ஃபில்டர்களை வைத்து வேண்டுமென்றே வார்சாவை அப்படி ஆக்கினார். டிவியின் ‘விவிட்’ நிலையில் அந்தப் பச்சை பளபளக்கும், இருட்டு சாம்பலாகும். சினிமா நிலைக்கு மாற்றுங்கள், அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் அணையுங்கள்.

‘டெக்கலாக்’ ஐந்தும் ஆறும் பார்த்தாயிற்று, நீளமானவை எதற்கு என்பது

‘ஷார்ட்’ என்ற பெயரை நம்ப வேண்டாம், ‘கில்லிங்’, ‘லவ்’ (‘எ ஷார்ட் ஃபிலிம் அபவுட் லவ்’) இரண்டும் முழுநீளப் படங்கள். தொடரின் ஐந்தாம், ஆறாம் பகுதிகளின் திரையரங்க வடிவங்கள். எதிர்வீட்டு மாக்தாவைத் தொலைநோக்கியில் ஒளிந்து பார்க்கும் ஒரு பையனின் கதையான ‘லவ்’ படத்தின் முடிவே வேறு. ஆறாம் பகுதி அஞ்சலகக் கவுண்டரில் ஒற்றை வாக்கியத்தோடு கதவைச் சாத்திவிடுகிறது. சினிமா மாக்தாவை அந்தப் பையனின் தொலைநோக்கிக்கு முன் உட்கார வைக்கிறது. தொடரை முதலில் பாருங்கள்.

ஒலித்தடம்

‘பொசெஷன்’ ஆங்கிலத்தில் எடுத்த படம். பிரெஞ்சு டப்பிங் வேண்டாம்.

வெளியான ஆண்டை எடுத்த ஆண்டாக எண்ணுவது

1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் இராணுவச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள் அலமாரிக்குப் போயின. கீஷ்லோவ்ஸ்கியின் ‘பிளைண்ட் சான்ஸ்’ 1981இல் முடிந்து 1987இல்தான் வெளியானது. ரிஷார்ட் புகாய்ஸ்கியின் ‘இன்டராகேஷன்’ 1982இல் முடிந்தது. ஸ்டாலின் காலச் சிறையில் அடைபட்ட ஒரு பாடகியின் கதை. வீடியோ நாடாவில் திருட்டுத்தனமாகக் கைமாறிக் கைமாறி, 1989இல்தான் திரைக்கு வந்தது. பாடகியாக நடித்த கிறிஸ்டினா யாந்தாவுக்குக் கான் விருது 1990இல். பட்டியலில் 1989 என்று பார்த்துவிட்டு ‘கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்த பிறகு என்ன துணிச்சல்’ என்று கேட்பவர் ஏழு வருடத்தைக் கோட்டைவிடுகிறார்.

தணிக்கை விட்டுப்போன ஓட்டைகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ‘பிளைண்ட் சான்ஸ்’ஸின் மீட்டெடுத்த பிரதியில் காவல்துறை அடிக்கும் காட்சிக்குப் படம் கிடையாது, ஒலி மட்டும் கேட்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று மறுபடி இறக்காதீர்கள். ஜுவாவ்ஸ்கியின் ‘ஆன் தி சில்வர் குளோப்’ இன்னும் மோசம். படப்பிடிப்பை 1977இல் அதிகாரிகள் நிறுத்தினார்கள். அவர் எண்பதுகளின் பிற்பகுதியில் திரும்பி வந்து, எடுக்க முடியாமல் போன காட்சிகளின் இடத்தில் அன்றைய போலந்துத் தெருக்களை வைத்து, அங்கே நடந்திருக்க வேண்டியதைத் தன் குரலிலேயே சொன்னார். வேற்றுக்கிரகக் கதைக்கு நடுவே திடீரென நகர்படிக்கட்டும் கோட்டுப் போட்ட கூட்டமும் வந்தால், அவை அந்தக் காட்சிகள்தான்.