அனுப்பிய மெயில் திரும்பி வருகிறதா? ஸ்பேம் வடிகட்டியின் மறுப்பைச் சரிசெய்யும் வழி

மெயில் அனுப்பிய சில நொடிகளில், போய்ச் சேரவில்லை என்று ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பதில் வருகிறது. பெரும்பாலானோர் அதைப் படிக்காமலே அழித்துவிட்டு, அதே மெயிலை மறுபடி அனுப்புகிறார்கள். ஸ்பேமோ என்று சந்தேகப்பட்டு மறுத்த சர்வருக்கு அதையே நாலைந்து தடவை அனுப்பினால் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. எதனால் மறுத்தார்கள் என்பது பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. அதனால் அங்கேயே தொடங்குவோம்.

படி 1: திரும்பி வந்த செய்தியில் எண்ணைத் தேடுங்கள்

செய்தியின் நடுவிலோ அடியிலோ 550 5.7.1 போல ஓர் எண் இருக்கும். முதல் இலக்கம் 4 என்றால் தற்காலிகத் தடை, 5 என்றால் முடிவான மறுப்பு.

421, 451 போன்ற எண்கள் வந்தால் பதற வேண்டாம். முன்பின் தெரியாத அனுப்புநர் என்றால், "கொஞ்ச நேரம் கழித்து வா" என்று சில சர்வர்கள் வேண்டுமென்றே சொல்லும். இதற்கு கிரேலிஸ்டிங் என்று பெயர். ஒழுங்கான மெயில் சர்வர் தானாகவே மறுபடி முயலும். ஸ்பேம் அனுப்பும் நிரல்கள் பல அந்தப் பொறுமை இல்லாமல் போய்விடும். உங்கள் சர்வர் வழக்கமாகச் சில நாட்கள் வரை தானே முயன்றுகொண்டிருக்கும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

5-இல் தொடங்கினால், அடுத்து வரும் புள்ளி வைத்த எண்ணைப் பாருங்கள். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை, எழுத்துப்பிழையாக இருக்கலாம். 5.2.2 என்றால் அவருடைய மெயில்பெட்டி நிரம்பிவிட்டது. இந்த இரண்டுக்கும் ஸ்பேமுக்கும் சம்பந்தமில்லை. 5.7 என்று தொடங்கினால்தான் பாதுகாப்பு அல்லது கொள்கை காரணமான மறுப்பு. ஸ்பேம் வடிகட்டியின் கைவரிசை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். எல்லா சர்வர்களும் எண்ணைச் சரியாகப் போடுவதில்லை என்பதால், எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள வாக்கியத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

மறுத்தது யார் என்பதும் முக்கியம். திரும்பி வந்த செய்தியில் மறுத்த சர்வரின் பெயர் இருக்கும். அது பெறுபவருடையதா, உங்களுடையதா என்று பாருங்கள். அனுப்பும்போதே மெயில் செயலியில் பிழை வந்தால், தடுத்தது உங்கள் சேவையின் சர்வர்தான். ஒரே நாளில் அளவுக்கு மேல் அனுப்பியதும் காரணமாக இருக்கலாம். சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும். மீறினால் 24 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டிவரும்.

நீங்கள் அனுப்பாத மெயில்களே திரும்பி வந்தால் கதை வேறு. உங்கள் முகவரியை யாரோ போலியாகப் பயன்படுத்துகிறார்கள், அல்லது கணக்குக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். முதலில் கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். "மெயில் போகவில்லை, இங்கே லாகின் செய்து சரிசெய்யுங்கள்" என்று வரும் செய்திகள் அநேகமாகத் திருட்டு வலைதான்; அந்த லிங்க்கைத் தொடவே வேண்டாம்.

படி 2: வெறும் மெயில் ஒன்றை அனுப்பிப் பாருங்கள்

கோப்பு, லிங்க், படம், கையொப்பம் எதுவும் இல்லாமல் இரண்டே வரியில் சாதாரணமாக ஒரு மெயிலை அதே முகவரிக்கு அனுப்புங்கள். அது போய்விட்டால் சிக்கல் உள்ளடக்கத்தில் இருக்கிறது என்று பொருள். எடுத்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து அனுப்பினால், எது மாட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

கையொப்பத்தில் உள்ள லிங்க்கை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் அந்த இணையதளம் ஹேக் ஆகியிருந்தால், நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலும் அதனாலேயே மாட்டும். சுருக்கப்பட்ட லிங்க்குகளும் அப்படித்தான், முழு முகவரியையே போடுங்கள். எக்ஸ்இ போன்ற நிரல் கோப்புகளை ஜிப்பில் சுருட்டி வைத்தாலும் ஜிமெயில் ஏற்காது. கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புவதே வழி.

"இலவசம்" போன்ற சொற்களை நீக்கினால் போதும் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கையில்லை. இன்றைய வடிகட்டிகள் சொல்லைவிட, அனுப்புபவர் யார், அவருடைய பழைய வரலாறு என்ன என்பதற்கே அதிக மதிப்பெண் போடுகின்றன.

வெறும் மெயிலும் திரும்பி வந்தால், வேறொரு சேவையில் உள்ள நண்பருக்கு அனுப்பிப் பாருங்கள். அவருக்குப் போய்விட்டால், முதலில் மறுத்த இடத்தின் விதியில்தான் சிக்கல் என்று கொள்ளலாம். எல்லோருமே மறுத்தால் உங்கள் பக்கத்தில்தான் கோளாறு.

படி 3: சொந்த டொமைன் என்றால் அடையாளச் சான்றுகளைச் சரிபாருங்கள்

ஜிமெயில் போன்ற முகவரியிலிருந்து அதன் செயலி வழியாகவே அனுப்புபவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். சொந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் சொந்தப் பெயர்) வைத்திருப்பவர்களுக்குத்தான் வேலை அதிகம்.

ஒரு ஜிமெயில் முகவரிக்குச் சோதனை மெயில் அனுப்புங்கள். கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் "ஷோ ஒரிஜினல்" என்பதைச் சொடுக்குங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரிகள் இருக்கும். மூன்றிலும் "பாஸ்" என்று வர வேண்டும். ஜிமெயிலிடமிருந்து 550 5.7.26 என்று வந்திருந்தால், கோளாறு இங்கேதான்.

உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் பட்டியல்தான் எஸ்பிஎஃப். டொமைனின் டிஎன்எஸ் பகுதியில், அதாவது டொமைன் பற்றிய விவரங்களைப் பதிந்து வைக்கும் இடத்தில், ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டாக (எழுத்துக் குறிப்பாக) இருக்கும். புதிதாக ஒரு சேவையைச் சேர்க்கும்போது இரண்டாவது எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒன்றைப் போட்டுவிடாதீர்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே பயனில்லை. இருப்பதிலேயே சேர்த்து எழுதுங்கள்.

டிகிம் என்பது மெயிலில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம். அதற்கான சாவியை மெயில் சேவையின் அமைப்புகளில் எடுத்து டிஎன்எஸ்ஸில் ஒட்ட வேண்டும். இந்த இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். தொடக்கத்தில் "நன்" (none, எதுவும் செய்யாதே) என்ற கொள்கையே போதும். எடுத்த எடுப்பில் "ரிஜெக்ட்" (மறுத்துவிடு) என்று வைத்தால், உங்கள் நியாயமான மெயில்களே தடைபடக்கூடும்.

2024 பிப்ரவரியிலிருந்து, எல்லா அனுப்புநர்களிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஏதாவது ஒன்றையாவது ஜிமெயில் எதிர்பார்க்கிறது. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5000 மெயில்களுக்கு மேல் அனுப்பினால் மூன்றுமே வேண்டும்.

இணையதளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து மட்டும் மெயில் வராவிட்டால் "ஃப்ரம்" புலத்தைப் பாருங்கள். பல படிவங்கள் பார்வையாளரின் முகவரியை அங்கே வைத்து அனுப்புகின்றன. வடிகட்டியின் கண்ணுக்கு அது அப்பட்டமான ஆள்மாறாட்டம். "ஃப்ரம்" புலத்தில் உங்கள் டொமைன் முகவரியையும், "ரிப்ளை டு" புலத்தில் பார்வையாளரின் முகவரியையும் வையுங்கள்.

படி 4: ஐபி முகவரி தடைப்பட்டியலில் உள்ளதா?

திரும்பி வந்த செய்தியில் ஸ்பாம்ஹவுஸ் போன்ற, தடைப்பட்டியல் வைத்திருக்கும் அமைப்பின் பெயர் இருந்தால், அந்தத் தளத்திலேயே உங்கள் ஐபியை (இணையத்தில் உங்கள் இணைப்பையோ சர்வரையோ அடையாளம் காட்டும் எண்ணை) சோதிக்கலாம். பிபிஎல் பட்டியலில் இருப்பதாக வந்தால், உங்கள்மீது ஸ்பேம் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வீட்டு இணைப்புகளிலிருந்து நேரடியாக மெயில் போகக் கூடாது என்பதற்கான பட்டியல் அது. மெயில் செயலியின் அனுப்பும் அமைப்பில் போர்ட் (சர்வரோடு இணையும் வழியின் எண்) 25-ஐ விட்டு 587 அல்லது 465-க்கு மாறி, லாகினுடன் அனுப்பும்படி வைத்தால் பொதுவாகத் தீர்ந்துவிடும்.

வேறு பட்டியலில் இருந்தால், முதலில் காரணத்தை நீக்குங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் மறுபடி ஏற்றிவிடுவார்கள். ஸ்பாம்ஹவுஸ் இதற்குப் பணம் வாங்குவதில்லை. பகிர்வு ஹோஸ்டிங்கில் (பலர் ஒரே சர்வரைப் பகிரும் சேவையில்) அதே ஐபியில் உள்ள இன்னொருவர் செய்த வேலைக்கு நீங்கள் மாட்டிக்கொள்வதும் உண்டு. அது ஹோஸ்டிங் நிறுவனம் தீர்க்க வேண்டியது.

படி 5: பெறுபவரிடம் பேசுங்கள்

மெயில் அவருடைய ஸ்பேம் பெட்டியில் கிடந்தால், "ஸ்பேம் அல்ல" என்று அவர் குறித்தாலே போதும். சர்வர் வாசலிலேயே மறுத்திருந்தால், அவர் உங்களைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டாலும் பெரும்பாலும் பலன் இருக்காது. அவர்கள் அலுவலகத்தின் மெயில் நிர்வாகிதான் அனுமதிக்க வேண்டும். தொலைபேசியிலோ வேறு முகவரியிலிருந்தோ அவரைத் தொடர்புகொண்டு, அனுப்பிய நேரம், இரு முகவரிகள், திரும்பி வந்த செய்தியின் முழு வாசகம் ஆகியவற்றைக் கொடுங்கள். வாசகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் எழுத்தாகவே நகலெடுத்து அனுப்பினால், அதில் உள்ள எண்ணை வைத்து அவர் தன் சர்வர் பதிவேட்டில் எளிதாகத் தேடிக்கொள்வார்.