இரண்டாவது டிவிடி டிரைவ் பொருத்துவது எப்படி

பென்டிரைவ் வந்த பிறகு டிவிடி டிரைவை யார் தேடுகிறார்கள் என்று கேட்பவர்கள் காரைக்குடியில் ஒரு நாள் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தால் தெரியும். பிழைப்புக்குச் சென்னை, சிங்கப்பூர், மலேசியா என்று போனாலும் கல்யாணத்தையும் அறுபதாம் கல்யாணத்தையும் பூர்வீக வீட்டில் வந்து நடத்துகிற ஊர்கள் இவை. அந்த வீடியோக்கள் எல்லாம் டிவிடியாக அலமாரியில் கிடக்கின்றன. "தம்பி, முதல் தட்டு ஓடுது, தாலி கட்டுற தட்டு ஓட மாட்டேங்குது" என்று கானாடுகாத்தானிலிருந்து ஆச்சிகள் கொண்டுவருகிறார்கள்.

அதற்குத்தான் இரண்டாவது டிரைவ். ஒரு டிரைவ் முரண்டு பிடிக்கிற தட்டை இன்னொன்று சில நேரம் சாதாரணமாகப் படித்துவிடும். லேசரும், படிக்கும்போது வரும் பிழைகளைச் சரிசெய்கிற முறையும் டிரைவுக்கு டிரைவ் மாறும். அதனால் இருப்பதைப் போலவே இன்னொன்று வாங்காதீர்கள். வேறு கம்பெனி, வேறு மாடல் வாங்குங்கள். ஸ்டிக்கரில் பெயர் வேறாக இருந்து உள்ளே ஒரே சரக்காக இருப்பதும் உண்டு.

வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்: முன்பக்கம் 5.25 அங்குல இடம் காலியாக இருக்கிறதா, மதர்போர்டில் ஒரு சாட்டா போர்ட் (டிரைவின் டேட்டா கேபிளை மாட்டும் இடம்) மிச்சம் இருக்கிறதா, எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் பெட்டியிலிருந்து வருகிற சாட்டா பவர் முனை ஒன்று சும்மா தொங்குகிறதா. புது கேபினெட்டுகள் பலவற்றில் அந்த 5.25 இடமே கிடையாது. அப்படிக் கேபினெட் வைத்திருப்பவர்கள் யுஎஸ்பியில் மாட்டுகிற மெல்லிய டிரைவை வாங்கிவிட்டு இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, வேலைக்கு வருவோம். கம்ப்யூட்டரை அணைத்து, பின்னால் பவர் கார்டையே உருவிவிடுங்கள். கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத இரும்பைக் கையால் ஒரு முறை தொட்டால் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். இரண்டு பக்கக் கதவையும் கழற்றுங்கள். டிரைவுக்கு ஸ்க்ரூ இரண்டு பக்கமும் போட வேண்டும். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி உள்ளே அப்பியிருக்கும். பின்கட்டுக்குக் கொண்டுபோய் ப்ளோயர் அடியுங்கள், ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு. முகப்பில் வைத்து அடித்தால் ஆத்தங்குடிக் கல் தரையெல்லாம் தூசியாகும், வீட்டில் வசவு நிச்சயம்.

முன்பக்கப் பிளாஸ்டிக் மூடியை உள்ளிருந்து தள்ளினால் கழன்று வரும். அதன் பின்னால் சிலவற்றில் ஒரு இரும்புத் தகடு இருக்கும். அதை முன்னும் பின்னும் ஆட்டி ஒடித்து எடுக்க வேண்டும், விளிம்பு கத்தி மாதிரி, கவனம். டிரைவை முன்பக்கமிருந்தே உள்ளே நுழைத்து, முகம் கேபினெட்டோடு சமமாக நிற்கும்படி வைத்துப் பக்கத்துக்கு இரண்டு ஸ்க்ரூ போடுங்கள். டிவிடி டிரைவுக்கு எம்3 என்கிற மெல்லிய மரை ஸ்க்ரூ. ஹார்ட் டிஸ்க்குக்குப் போடுகிற தடித்த மரை ஸ்க்ரூவைத் திணித்தால் துளையின் மரை போய்விடும்.

சாட்டா டேட்டா கேபிளின் முனை 'ட' வடிவத்தில் இருப்பதால் தப்பாக மாட்ட முடியாது. இறுக்கமாக இருந்தால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள். விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கின் கேபிளைத் தொடாமல் காலியாக உள்ள போர்ட்டில் மட்டும் மாட்டுங்கள். சில மதர்போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே செருகுகிற சின்ன டிஸ்க்) போட்டிருந்தால் ஒரு சாட்டா போர்ட் தானாகச் செத்துவிடும், போர்டின் கையேட்டில் அது எது என்று இருக்கும். பவர் முனை இல்லாமல் பழைய நாலு பின் மோலெக்ஸிலிருந்து கன்வெர்ட்டர் போடுவதானால், கம்பிகளைப் பிளாஸ்டிக்கோடு உருக்கி வார்த்த மலிவு வகை வேண்டாம். அது உள்ளுக்குள் ஷார்ட் ஆகிக் கருகக்கூடியது.

பட்டை கேபிள் போட்ட பழைய ஐடிஇ கம்ப்யூட்டர் என்றால் ஒரே கேபிளில் வரும் இரண்டு டிரைவில் ஒன்றின் ஜம்பரை (டிரைவின் பின்பக்கப் பின்களில் செருகியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் மூடி) மாஸ்டரிலும் மற்றதை ஸ்லேவிலும் வையுங்கள்.

மூடுவதற்கு முன்பே ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். டிரைவர் எதுவும் தேவையில்லை, விண்டோஸ் தானே D, E மாதிரி ஒரு டிரைவ் எழுத்துக் கொடுத்துவிடும். டிரைவின் ட்ரே திறக்கிறது, ஆனால் விண்டோஸில் காணோம் என்றால் பவர் சரி, டேட்டா கேபிளையோ போர்ட்டையோ மாற்றுங்கள். ட்ரேயே திறக்கவில்லை என்றால் பவர் முனையைப் பாருங்கள். பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் திறக்கிற செட்டிங் திரை) தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எழுத்து மாற்றிப் பார்க்கலாம்.

இரண்டு டிரைவ் இருக்கிறதே என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராகக் காப்பி அடிக்காதீர்கள். நடுவில் ஒரு இடத்தில் படிக்காமல் நின்றால் எழுதிக்கொண்டிருந்த தட்டும் வீண். தட்டில் இருக்கும் வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரை முழுதாக ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள். சாதாரணத் தட்டு 4.7 ஜிபிதான். உள்ளே இருக்கும் விஓபி (VOB) என்கிற வீடியோ ஃபைல்களில் எது ஒரு டிரைவில் நிற்கிறதோ அதை மட்டும் மற்றதில் முயலுங்கள். தட்டைத் துடைப்பதானால் பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. வட்டமாகத் தேய்க்கக் கூடாது, விபூதியும் கூடாது ஆச்சி.