555: கடிகாரம் இல்லாத டைமர் சிப்

டைமர் என்று பெயர். ஆனால் 555 சிப்புக்குள் நேரத்தை எண்ணும் எதுவும் கிடையாது. அதற்குத் தெரிந்தது வோல்டேஜ் மட்டும்தான். மொட்டைமாடித் தொட்டிக்கு வைக்கும் ஆட்டோமேட்டிக் மோட்டார் சுவிட்சை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கீழ்க் கோட்டுக்கு இறங்கினால் மோட்டார் ஓடும், மேல் கோட்டைத் தொட்டால் நிற்கும். இங்கே தொட்டி என்பது நாம் வெளியே வைக்கும் கெபாசிட்டர். சப்ளையில் மூன்றில் ஒரு பங்கு கீழ்க் கோடு, அதைப் பார்ப்பது 2-ஆம் பின். மூன்றில் இரண்டு பங்கு மேல் கோடு, அதைப் பார்ப்பது 6-ஆம் பின். தொட்டியைக் காலி செய்யும் குழாய் 7-ஆம் பின். அவுட்புட் 3-ஆம் பின்.

இரண்டு கோடுகளையும் போடுவது சிப்புக்குள் வரிசையாக இருக்கும் மூன்று 5 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். கோடுகள் சப்ளையின் பங்காக இருப்பதால், பேட்டரி 9 வோல்ட்டிலிருந்து 7-க்கு இறங்கினாலும் நேரம் பெரிதாக மாறாது. (அந்த மூன்று ஐந்துகளால்தான் 555 என்று பெயர் வந்தது என்பது பலரும் நம்பும் கதை. 1971-இல் சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக இதை வடிவமைத்த ஹான்ஸ் கேமென்சிண்ட் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டார்.)

முதலில் ஒரு மினுக்கி

தேவையானவை: என்இ555 ஒன்று, 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 470 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்று, 103 என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டர் ஒன்று, 104 செராமிக் ஒன்று, சிவப்பு எல்இடி, 9 வோல்ட் பேட்டரி, பிரெட்போர்டு. 103 என்றால் 10 நானோஃபாரட், 104 என்றால் 100 நானோஃபாரட்.

1. சிப்பின் பள்ளம் இடப்பக்கம் இருக்கும்படி பிரெட்போர்டின் நடு வாய்க்காலின் மேல் குத்துங்கள். கீழ் வரிசையில் இடது ஓரம் 1-ஆம் பின். அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் எண்ணினால் மேல் வரிசை இடது ஓரத்தில் 8 வரும்.

2. 8-ஐ பாசிட்டிவிலும் 1-ஐ கிரவுண்டிலும் கொடுங்கள். 104 செராமிக்கை இந்த இரண்டு பின்களுக்கும் நடுவில், முடிந்தவரை சிப்பை ஒட்டி வையுங்கள். தேவையில்லாத அலங்காரம் போலத் தெரியும். ஆனால் என்இ555 ஒவ்வொரு முறை அவுட்புட்டை மாற்றும்போதும் ஒரு கணம் சப்ளையிலிருந்து பெரிய கரண்டை இழுக்கிறது. பக்கத்திலேயே மைக்ரோகன்ட்ரோலர் இருந்தால் அது ரீசெட் ஆகும் அளவுக்கு இது போகும்.

3. 4-ஆம் பின்னை பாசிட்டிவில் கட்டுங்கள். அது ரீசெட், அந்தரத்தில் விட்டால் கை பக்கத்தில் வந்தாலே எல்இடி தன்னிஷ்டத்துக்கு நடக்கும். 5-ஆம் பின்னிலிருந்து 103 செராமிக்கை கிரவுண்டுக்குக் கொடுங்கள்.

4. பாசிட்டிவிலிருந்து 7-க்கு 10 கிலோ ஓம், 7-லிருந்து 6-க்கு 68 கிலோ ஓம். 6-ஐயும் 2-ஐயும் ஒரு வயரால் சேருங்கள். 2-லிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட், மைனஸ் கால் கிரவுண்டில்.

5. 3-லிருந்து 470 ஓம், அதிலிருந்து எல்இடியின் நீளக் கால், குட்டைக் கால் கிரவுண்டில்.

எரியும் நேரம் 0.693 × (10 + 68) கிலோ ஓம் × 10 மைக்ரோஃபாரட், சுமார் 0.54 விநாடி. அணைந்திருக்கும் நேரத்தில் கரண்ட் 68 வழியாக மட்டும் இறங்குவதால் 0.47 விநாடி. முதல் மினுக்கு மட்டும் 0.86 விநாடி நீளும். கெபாசிட்டர் அப்போது பூஜ்யத்திலிருந்து ஏறுகிறது. அது பழுது இல்லை.

எல்இடி அணையாமல் எரிந்தால் பெரும்பாலும் 2-6 வயர் விட்டுப்போயிருக்கும், அல்லது நீள பிரெட்போர்டில் பவர் லைன் நடுவில் துண்டாகியிருக்கும். மல்டிமீட்டரை டிசி வோல்டேஜில் வைத்து 6-ஆம் பின்னைத் தொடுங்கள். 3 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் நடுவில் ஏறி இறங்கினால் சிப் நலம், கோளாறு அவுட்புட் பக்கம்தான்.

ஒருமுறை அழுத்தினால் 11 விநாடி

இதுதான் பெரும்பாலானோர் சறுக்கும் இடம். 2-6 வயரையும் 68 கிலோ ஓமையும் 2-இல் இருக்கும் 10 மைக்ரோஃபாரடையும் எடுத்துவிடுங்கள். இப்போது 6-ஐ 7-உடன் சேருங்கள். பாசிட்டிவிலிருந்து அந்தச் சந்திப்புக்கு 10-க்குப் பதில் 100 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட். கணக்கு 1.1 × 100 கிலோ ஓம் × 100 மைக்ரோஃபாரட் = 11 விநாடி. எலக்ட்ரோலிட்டிக் 20 சதவீதம் வரை விலகும் என்பதால் 9 விநாடி வந்தாலும் 13 வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

2-ஆம் பின்னை 10 கிலோ ஓம் வழியாக பாசிட்டிவுக்கு இழுத்து, அதிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு புஷ் பட்டன். அழுத்தினால் எரியும், 11 விநாடியில் அணையும். பெரும்பாலான சர்க்யூட் படங்கள் இத்தோடு நின்றுவிடும்.

இப்போது பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். அணையாது. 2-ஆம் பின் கீழ்க் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை, 6-ஆம் பின் என்ன சொன்னாலும் அவுட்புட் ஏறியே இருக்கும். 11 விநாடிக்கு யாரும் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்தான். ஆனால் அரை விநாடி பீப் ஒலிக்கும் சர்க்யூட்டில், அல்லது பட்டனுக்குப் பதில் கதவில் வைக்கும் காந்த சுவிட்சில், இதுவே தலைவலி.

மாற்று வழி: பட்டனுக்கும் 2-ஆம் பின்னுக்கும் நடுவில் இன்னொரு 103 செராமிக். அழுத்தும் கணத்தில் மட்டும் 2 கீழே விழுந்து, அதன் 10 கிலோ ஓம் வழியாக உடனே ஏறிவிடும். இத்தோடு விட்டால் முதல் அழுத்தலுக்கு வேலை செய்யும், அடுத்ததற்குச் செய்யாது. சிப் போய்விட்டது என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். பட்டனை விட்ட பிறகும் அந்தச் செராமிக்கின் சார்ஜ் வெளியேற வழியில்லை, அவ்வளவுதான். பட்டன் பக்கத்துக் காலிலிருந்தும் பாசிட்டிவுக்கு ஒரு 10 கிலோ ஓம் போடுங்கள். பட்டனை விடும்போது 2-ஆம் பின் சப்ளையைத் தாண்டி எகிறாமல் இருக்க 1என்4148 டையோடு ஒன்று: கோடு போட்ட முனை பாசிட்டிவில், மறுமுனை 2-இல்.

பின்னர் சேர்த்தது: அரை விநாடி பீப்பில், நீண்ட நேரம் அழுத்தி விடும்போது இன்னொரு பீப் வருவதுண்டு. பட்டனின் தகடு விடும்போது சில மில்லிவிநாடி துள்ளுகிறது, ஒவ்வொரு துள்ளலும் புதிய அழுத்தல். பட்டன் பக்கத்து 10 கிலோ ஓமை 1 மெகா ஓமாக மாற்றுங்கள். அந்தப் பக்கம் மெதுவாக ஏறுவதால், துள்ளி முடியும் வரை 2-ஐக் கீழே இழுக்கும் வலு அதற்கு வராது. 2-ஆம் பின்னில் இருக்கும் 10 கிலோ ஓமைத் தொடாதீர்கள். டையோடுக்கு அதன்பின் வேலை குறைவு, ஆனாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

எதை வாங்குவது

ஒரு டீ விலைக்குள் கிடைக்கும் என்இ555 பழகுவதற்குப் போதும். பேட்டரியில் நாள்கணக்கில் ஓட வேண்டியதற்கு அதை வைக்காதீர்கள்; சும்மா இருக்கும்போதே 9 வோல்ட்டில் சில மில்லிஆம்பியர் தின்னும். அங்கே குறைந்த கரண்டில் ஓடும் சிமாஸ் வகை 555: ஐசிஎம்7555 அல்லது டிஎல்சி555. பின் வரிசை அதேதான். அவுட்புட்டிலிருந்து எடுக்கக்கூடிய கரண்ட் மட்டும் குறைவு. ரிலேயை நேரடியாக ஓட்டாமல் நடுவில் டிரான்சிஸ்டர் வையுங்கள்.

அரை மணி நேர டைமருக்கு 1 மெகா ஓமையும் ஆயிரக்கணக்கான மைக்ரோஃபாரடையும் கட்டிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். 9 வோல்ட்டில் மேல் கோட்டை நெருங்கும்போது 1 மெகா ஓம் வழியாக வருவது 3 மைக்ரோஆம்பியர். பெரிய எலக்ட்ரோலிட்டிக் உள்ளுக்குள்ளேயே அந்த அளவு கசிந்தால் கெபாசிட்டர் மேல் கோட்டைத் தொடவே தொடாது, டைமர் முடியவே முடியாது. அதற்கு சிடி4060 வாங்குங்கள். சின்ன கெபாசிட்டரில் துடித்து, அந்தத் துடிப்புகளை எண்ணும் சிப் அது.