பாய்வள்ளத்தில் நன்னீரைக் காப்பது
யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் ஊர்காவற்றுறைப் பக்கம் நங்கூரமிட்டு நாலு நாள் வள்ளத்திலேயே தங்குவதென்றால், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் வேண்டும். ஒரே தாங்கியில் நிரப்பாதீர்கள். உப்புநீர் கசிந்தால் முழுவதும் வீண். 20 லீற்றர் கான்களாகப் பிரித்து, வள்ளத்தின் நடுவில் தாழ்வாகக் கட்டுங்கள். தீவுப்பகுதியில் பல கிணறுகள் உவர், நிரப்ப முன் ருசி பாருங்கள்.

மாரியில் தறப்பாளை நடுப்பகுதி தொய்யக் கட்டி, அங்கே குழாய் செருகிக் கானுக்குள் விடலாம். முதல் 10 நிமிட மழையைப் பிடிக்கவே வேண்டாம். தறப்பாளைத் தடவினால் விரலில் வெண்பொடி ஒட்டும். அந்த உப்பு கழுவப்பட வேண்டும். பிறகு வரும் நீரை நாக்கில் வைத்துப் பார்த்தே கானைத் திறவுங்கள்.

வடிக்கும் சோற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு கடல்நீர் சேர்க்கலாம், உப்புப் போடத் தேவையில்லை. இறங்குதுறை நீர் மட்டும் கூடாது, எண்ணெய் மிதக்கும்.