நடுமாதத்தில் காலியாகும் வீடு: வாடகையைத் திருப்பித் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளை வாடகைக்கு விட்டுக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை, குமரி மாவட்டத்தில் இப்போது இளைஞர்கள் பலர் ஏற்கிறார்கள். மாதத் தொடக்கத்திலேயே வாடகை தந்துவிட்டவர் இடையில் காலிசெய்யும்போது, நாங்கள் தொழில் பழகிய காலத்துப் பிழைகளே அவர்கள் கணக்கிலும் தலைகாட்டுகின்றன. கூட்டல் கழித்தல் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

சாமான் போன நாளைக் கடைசி நாளாகக் கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டுக்கு வாடகை 9,300 ரூபாய். 31 நாள் மாதமாதலால் ஒரு நாளுக்கு 300. குடியிருந்தவர்கள் 11-ஆம் தேதி சாமான்களை வண்டியேற்றித் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஓர் அறையில் கட்டிலும் பீரோவும் கிடந்தன. அவற்றையும் எடுத்துச் சாவியைத் தந்தது 19-ஆம் தேதி. பொறுப்பிலிருந்த இளைஞரோ அதற்கு முன்பே, மீதி 20 நாளுக்கு 6,000 ரூபாய் வரும் என்று தொலைபேசியில் வாக்குக் கொடுத்திருந்தார். உண்மையில் எஞ்சியவை 12 நாள், தொகை 3,600. இடையிலிருந்த 2,400 ரூபாயை இரு தரப்பும் விட்டுக்கொடுக்காததால், அவர் தம் கமிஷனிலிருந்தே அதைக் கட்டினார்.

சாவி கைக்கு வராதவரை வீடு குடியிருப்பவர் வசந்தான். பூட்டிய வீட்டை அடுத்தவருக்குத் திறந்து காட்டக்கூட முடியாது. அதேபோல, 19-ஆம் தேதி முறையாகச் சாவி தந்தவரிடம், உரிமையாளர் வீட்டைப் பார்வையிட வந்தது 25-ஆம் தேதி என்று சொல்லி அந்த நாள்களுக்கும் வாடகை பிடிப்பது அநியாயம். சாவி வாங்கிய தேதியை எழுதி, அந்த இடத்திலேயே இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

31 நாள் மாதத்தை 30-ஆல் வகுப்பது

மேற்சொன்ன வாடகையை 30-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 310 ரூபாய். இருந்த 19 நாளைக் கழித்தால் திரும்பத் தர வேண்டியது 3,410. எஞ்சிய 12 நாளைப் பெருக்கினால் 3,720. ஒரே வீட்டுக்கு இரண்டு விடை வந்தால், அவரவருக்குச் சாதகமானதைப் பிடித்துக்கொள்வார்கள். வாடகை மாதம் 10-ஆம் தேதி தொடங்குவதாயிருந்தால், எண்ண வேண்டியதும் அங்கிருந்துதான்.

ஒத்தி வீடு

மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியிருந்து, காலிசெய்யும்போது அதைத் திரும்பப் பெறும் முறை இது. மாத வாடகை இல்லை. ஆகவே நாள் கணக்கும் இல்லை.

முன்னறிவிப்பை மறப்பது

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு என்று இருந்து, அது தரப்படவில்லையென்றால், நாள் கணக்குப் போடுவதற்கு முன் அதைப் பேசித் தீர்க்க வேண்டும். ஆனால் அதே நாள்களுக்குப் புதியவரிடம் வாடகை வாங்கிக்கொண்டு, போனவருக்கும் தர மறுக்கும் உரிமையாளருக்காக நான் வாதாடுவதில்லை.

மின்கட்டணத்தைப் பாதியாகப் பிரிப்பது

மின்வாரியம் கணக்கெடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. சாவி வாங்கும்போதே மீட்டரைக் குறித்துக்கொண்டு, 100 இலவச யூனிட்டை யார் கணக்கில் சேர்ப்பது என்பதையும் அப்போதே முடிவுசெய்துவிட வேண்டும்.