நீர்நிலக் கவச வாகனங்கள்: வடிவமைப்பிலும் கொள்முதலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மரைன் படையின் ஏ.ஏ.வி.7 என்ற நீர்நிலக் கவச வாகனம் 1972-ல் பணிக்கு வந்தது. அதற்கு மாற்று வேண்டும் என்று 1980-களிலேயே திட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். மாற்று வாகனம் படைப்பிரிவுகளின் கைக்கு வந்ததோ 2020-ல். நடுவில் ஒரு பெரிய திட்டம் சுமார் 300 கோடி டாலரை விழுங்கிவிட்டு, ஒரு வண்டிகூடப் பணியில் சேராமல் ரத்தானது. பணத்துக்கும் பொறியாளர்களுக்கும் பஞ்சமே இல்லாத படைக்கே இந்தக் கதி. கடலில் நீந்தி, கரையேறி, அப்படியே போர்க்களத்துக்குள் ஓடும் ஒரு வண்டி வேண்டும் என்று கேட்பது எளிது. அந்த மூன்றில் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்யாமல் வேலையைத் தொடங்குவதுதான் என் பார்வையில் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

சாதாரணக் கவச வாகனத்தில் எடை கூடினால் என்ஜின் கொஞ்சம் திணறும், பாலங்கள் தாங்குமா என்று யோசிக்க வேண்டிவரும், அவ்வளவுதான். மிதக்கும் வண்டியில் கணக்கு வேறு. 25 டன் வண்டி மிதக்க வேண்டுமானால் ஏறக்குறைய 25 கன மீட்டர் தண்ணீரை அதன் உடல் விலக்கியாக வேண்டும். அதனால்தான் இந்த வண்டிகள் எல்லாம் உயரமும் அகலமுமாகப் பெரிய பெட்டி போல இருக்கின்றன. பெட்டி பெரிதானால் கவசம் மூட வேண்டிய பரப்பும் பெரிதாகிறது. கவசம் கூடினால் எடை கூடுகிறது. எடை கூடினால் இன்னும் பெரிய பெட்டி வேண்டும். கரைக்கு வந்த பிறகு அந்தப் பெரிய பெட்டி எதிரிக்கு நல்ல இலக்கு.

இந்தச் சுழலுக்குள் மாட்டாமல் வரைபடத்தை முடித்துவிட்டாலும் ஆபத்து போய்விடுவதில்லை. கவச வாகனங்கள் பணியில் இருக்கும் முப்பது நாற்பது ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டே போகும். புதிய ரேடியோ, குளிரூட்டி, கூடுதல் கவசத் தகடுகள், பெரிய துப்பாக்கி என்று ஒவ்வொன்றாகச் சேரும். ஒவ்வொரு டன்னும் மிதப்பில் கையிருப்பாக இருந்த ஒரு கன மீட்டரைத் தின்றுவிடும். அமெரிக்கத் தரைப்படையின் பிராட்லி இதற்கு நல்ல உதாரணம். வீரர்களைச் சுமக்கும் இந்தக் கவச வாகனம் ஆரம்பகாலத்தில், சுற்றிலும் ஒரு தடுப்புத் திரையை உயர்த்திக்கொண்டு ஆற்றைக் கடக்கும். கவசம் போதவில்லை என்று தகடுகளைச் சேர்த்தார்கள், நீந்தும் திறனைக் கைவிட்டார்கள். தரைப்படைக்கு அது சரியான முடிவு, பாலம் போட அவர்களிடம் ஆள் உண்டு. கப்பலிலிருந்து இறங்க வேண்டிய படை அப்படிக் கைகழுவ முடியாது. ஆகவே, வாங்கும் நாளில் வண்டி மிதக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. இருபது வருடம் கழித்துச் சேரப்போகும் எடையோடும் மிதக்குமா என்று கேட்க வேண்டும்.

இதிலேயே இன்னொரு வழுக்கல், கோபுரம். கனமான துப்பாக்கிக் கோபுரத்தை மேலே ஏற்றினால் மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும். பக்கவாட்டு அலையில் கவிழுமா நிமிருமா என்பதை அந்தச் சில சென்டிமீட்டர்கள் தீர்மானிக்கும்.

தண்ணீரில் கழியும் ஒரு மணி நேரத்துக்காக வண்டியை வடிவமைப்பது

ரத்தான அந்தத் திட்டத்தின் பெயர் ஈ.எஃப்.வி. அதன் அடிப்படை யோசனையில் நியாயம் இருந்தது. கரையிலிருந்து கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள் பாயும், ஆகவே கப்பல்கள் தொடுவானத்துக்கு அப்பால், சுமார் 25 கடல் மைல் தள்ளி நிற்க வேண்டும். ஆறேழு நாட் (மணிக்கு ஆறேழு கடல் மைல்) வேகத்தில் தவழும் பழைய வண்டி அந்தத் தூரத்தைக் கடக்க நான்கு மணி நேரம் பிடிக்கும். இருட்டான பெட்டிக்குள் டீசல் புகையோடும் அலையோடும் நான்கு மணி நேரம் குலுங்கிவிட்டு வரும் வீரன் கரையில் வாந்தி எடுப்பானா, சண்டை போடுவானா? அதனால் 25 நாட் வேகம் வேண்டும் என்றார்கள்.

அந்த ஓர் எண்ணுக்குத்தான் மற்றவை எல்லாம் பலியாயின. நீரைக் கிழித்துக்கொண்டு போகும் பெட்டியின் வேகத்தைக் கூட்டக் கூட்ட, தேவைப்படும் சக்தி அதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் வண்டி நீரின் மேல் எழும்பிச் சறுக்கினால்தான் உண்டு. அதற்காகச் சங்கிலிச் சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும் அமைப்பு, முன்னும் பின்னும் விரியும் தகடுகள், நீர்த்தாரை உந்திகள், அப்புறம் சுமார் 2,700 குதிரைத்திறன் கொண்ட என்ஜின். எம்1 ஏப்ரம்ஸ் டாங்கியின் என்ஜினே 1,500 குதிரைத்திறன்தான். நிலத்தில் ஓடும்போது ஈ.எஃப்.வி.க்கு அதில் 850 போதும். மீதியெல்லாம் தண்ணீரில் செலவிடும் ஒரு மணி நேரத்துக்காக வாழ்நாள் முழுக்கச் சுமந்து திரிய வேண்டிய இரும்பு.

நீரில் சறுக்க அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். கண்ணிவெடியின் வீச்சைப் பக்கங்களுக்குச் சிதறடிக்க அடிப்பாகம் ஆங்கில ‘வி’ எழுத்து போலக் கூர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் ஒத்துவராது. இந்த முரண்பாடு காகிதத்தில் இருந்தபோது யாரையும் உறுத்தவில்லை. 2005 ஆகஸ்ட் 3 அன்று ஈராக்கின் ஹதீதா அருகே ஒரு பழைய ஏ.ஏ.வி.யின் அடியில் குண்டு வெடித்தது. 14 மரைன் வீரர்களும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இறந்தார்கள். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் இடம் அது. நீந்துவதற்காகச் செய்த வண்டியை நிலத்தில் ரோந்து வண்டியாக ஓட்டியிருந்தார்கள், ஏனென்றால் அவர்களிடம் இருந்தது அதுதான். எந்தப் படையும் தன்னிடம் உள்ள வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு போகும். ஆகவே நீர்நில வாகனம் தன் ஆயுளின் பெரும்பகுதியை நிலத்தில் கழிக்கும் என்று வைத்துக்கொண்டுதான் தேவைப் பட்டியலை எழுத வேண்டும்.

சிக்கல் கூடக் கூட நம்பகத்தன்மை சரிந்தது. 2006-ல் நடந்த மதிப்பீட்டில் ஈ.எஃப்.வி. சராசரியாக நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை பணியைக் கெடுக்கும் அளவுக்குப் பழுதானது. விலை ஏறியது. ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல் வாங்குவதாக இருந்த எண்ணிக்கையை 573 ஆகக் குறைத்தார்கள். எண்ணிக்கை குறைந்ததும் ஒவ்வொரு வண்டியின் விலை இன்னும் ஏறியது. கொள்முதல் உலகில் மிகப் பழைய சுழல் இது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள். 2011 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தார்.

வேகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சீனாவின் இசட்.பி.டி.05 நீரில் வேகமாகச் சறுக்கும் வண்டிதான். அதற்கு ஈடாக மெல்லிய கவசத்தை ஏற்றுக்கொண்டார்கள். சரியோ தப்போ, எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து செய்த தேர்வு அது.

ஒருமுறை எழுதிய தேவையைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது

அந்த 25 கடல் மைல் கணக்கு 1980-களின் ஆயுதங்களை வைத்துப் போட்டது. திட்டம் இழுத்துக்கொண்டே போனபோது ஏவுகணைகள் சும்மா இருக்கவில்லை. 2006 ஜூலையில் லெபனான் கடற்கரைக்கு அப்பால் நின்ற இஸ்ரேலின் ஹனித் போர்க்கப்பலை ஹிஸ்புல்லா ஏவிய கப்பல் எதிர்ப்பு ஏவுகணை தாக்கியது. ஒரு நாட்டின் கடற்படைகூட இல்லாத அமைப்பின் கையில் அந்த ஆயுதம் இருந்தது. நூறு கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணைகள் பரவலான பிறகு 25 கடல் மைலில் நிற்கும் கப்பல் எப்படிப் பத்திரம்? அந்தத் தூரம் பொருளிழந்தால், அதற்காக வாங்கிய வேகமும் பொருளிழக்கிறது. பத்து வருடத் திட்டத்தில் இரண்டு மூன்று முறையாவது யாராவது உட்கார்ந்து, நாம் எழுதிய எண்களுக்கு இன்னும் காரணம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பவர் திட்ட அலுவலகத்துக்கு வெளியே உள்ளவராக இருப்பது நல்லது. உள்ளே இருப்பவரின் வேலையே திட்டம் ஓடுவதில்தான் இருக்கிறது.

வண்டியைத் தனியாக வாங்குவது

நீர்நில வாகனம் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. கப்பலுக்குள் எத்தனை நிற்கும், கதவின் அளவு என்ன, தளம் எவ்வளவு எடை தாங்கும், பாதித் தூரத்தைக் காற்றுமெத்தைப் படகு சுமந்து போகுமா என்பதெல்லாம் வண்டியின் நீள அகலத்தோடு சேர்த்துத் தீர்மானிக்க வேண்டியவை. அமெரிக்காவின் சான் அன்டோனியோ வகைக் கப்பல்களை 14 ஈ.எஃப்.வி.க்கள் ஏறும்படி வடிவமைத்தார்கள். கப்பல்கள் வந்தன, வண்டி வரவில்லை.

ஈ.எஃப்.வி.க்குப் பிறகு வந்த ஏ.சி.வி. திட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. பெரும்பகுதித் தூரத்தைப் படகுகள் பார்த்துக்கொள்ளட்டும், நிலத்தில் வீரர்களைக் காக்கும் வண்டி முதலில் வரட்டும், நீந்தும் திறனைப் படிப்படியாகக் கூட்டுவோம் என்று தொடங்கினார்கள். ஏற்கெனவே இருந்த ஓர் இத்தாலிய எட்டுச் சக்கர வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட வண்டி 2018 ஜூனில் தேர்வானது. வேகம் பழைய ஆறு நாட்தான். ஆனால் எதிர்பார்த்ததைவிட நன்றாக நீந்தியதால் இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்கியிருந்த தேவையையும் முதல் கட்ட வண்டியே நிறைவேற்றிவிட்டது. குறைவாகக் கேட்டு அதிகம் பெறுவது இந்தத் துறையில் அபூர்வம்.

அமைதியான நீரில் சோதித்துவிட்டுக் கடலுக்கு அனுப்புவது

1944 ஜூன் 6, பிரான்சின் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் கரையிறங்கிய நாள். கித்தான் திரையால் மிதக்கும் ஷெர்மன் டாங்கிகளை ஓமஹா கரைக்கு அப்பால் கடலில் இறக்கினார்கள். ஓர் அடி உயர அலைக்காக வடிவமைத்த திரை அது, அன்று அலை ஆறடி வரை எழுந்தது. 741-வது டாங்கிப் பட்டாலியன் இறக்கிய 29-ல் 27 மூழ்கின. அதே காலையில், காற்று மறைவாக இருந்த யூட்டா கரையில் அதே வகை டாங்கிகள் ஏறக்குறைய எல்லாமே கரை சேர்ந்தன. ஓமஹாவிலேயே பக்கத்துப் பட்டாலியனின் பொறுப்பாளர்கள் அலையைப் பார்த்துவிட்டு டாங்கிகளைப் படகிலேயே கரைவரை கொண்டுபோய் இறக்கினார்கள். குறை டாங்கியில் மட்டும் இல்லை என்பது இதிலிருந்து தெரியும். எந்த அலைவரை இறக்கலாம், அதை மீறினால் யார் நிறுத்தலாம் என்பதும் வண்டியோடு சேர்ந்து வர வேண்டிய விஷயம்.

அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில், பசிபிக் தீவான டராவாவில் அமெரிக்க மரைன்கள் கரையிறங்கியபோது வேறு மாதிரியான பாடம். தாழ்ந்த ஓதத்தால் பவளப் பாறைகளுக்கு மேல் படகு போகும் ஆழம் இல்லை. பாறைமேல் ஏறிச் சென்றவை சங்கிலிச் சக்கர நீர்நில வண்டிகள் மட்டுமே. அவை மொத்தம் 125. மற்ற வீரர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர் தண்ணீரில் நடந்தார்கள். சரியான வண்டியை வாங்கியும், போதாத அளவில் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விற்பனைக் கையேட்டில் ‘நீரில் மிதக்கும்’ என்று போட்டிருந்தால் அது ஆறா கடலா என்று கேளுங்கள். சோவியத் வடிவமைப்பான பி.எம்.பி. வகைக் கவச வண்டிகள் சங்கிலிச் சக்கரத்தைச் சுழற்றியே மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டரில் அமைதியான ஆற்றைக் கடக்கும். நுரைத்து உடையும் கடலலை வேறு உலகம். ஆற்றிலும்கூட இறங்குவதைவிட ஏறுவதுதான் கடினம். சேறான, செங்குத்தான எதிர்க்கரையில் முன்பாகம் மட்டும் தரையைத் தொட, பின்பாகம் இன்னும் மிதந்துகொண்டிருக்கும்போது சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்காது. மிதக்கும் வண்டிகள் பின்னால் வரும் டாங்கிகளையும் எரிபொருள் லாரிகளையும் அக்கரை சேர்க்காது என்பதையும் மறக்கக் கூடாது. 2022 மே மாதம் உக்ரைனின் பிலோஹோரிவ்கா அருகே சிவேர்ஸ்கி டோனெட்ஸ் ஆற்றைக் கடக்க ரஷ்யப் படை மிதவைப் பாலங்களையே நம்ப வேண்டியிருந்தது, அங்கேதான் பெருமளவு வாகனங்களை இழந்தது.

பராமரிப்பையும் பயிற்சியையும் விலையில் சேர்க்காமல் விடுவது

உப்புநீர் இரக்கமில்லாதது. அலுமினிய உடலும் எஃகுப் பாகமும் தொடும் இடங்களில் அரிக்கும், ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், மின் இணைப்புகள் பூத்துப்போகும். நிலத்தில் ஓடும் வண்டியில் ஒரு சீல் போனால் எண்ணெய் ஒழுகும். இங்கே தண்ணீர் உள்ளே வரும்.

2020 ஜூலை 30 அன்று கலிபோர்னியாவின் சான் கிளமென்டே தீவுக்கு அப்பால் ஒரு ஏ.ஏ.வி. மூழ்கி எட்டு மரைன் வீரர்களும் ஒரு கடற்படை வீரரும் இறந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் 16 பேர். விசாரணையில் வெளிவந்தவற்றில் எதுவும் பெரிய தொழில்நுட்ப மர்மம் இல்லை. மோசமான நிலையில் இருந்த வண்டிகளை அந்தப் பிரிவுக்குக் கொடுத்திருந்தார்கள். பல இடங்களில் தண்ணீர் கசிந்தது. வெளியேறும் வழியைக் காட்டும் அவசர விளக்குகள் எரியவில்லை. எல்லாருக்கும் நீருக்கடியில் தப்பிக்கும் பயிற்சி முடிந்திருக்கவில்லை. அருகில் பாதுகாப்புப் படகு இல்லை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபோதே வீரர்களை வெளியேற்றியிருக்க வேண்டும், அதைத் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் திறந்த மேற்கதவு வழியாக அலை புகுந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஏ.ஏ.வி.க்களை வழக்கமான கடல் பயிற்சியிலிருந்தே விலக்கினார்கள். மாற்று வண்டி வரப்போகிறது என்ற நம்பிக்கையில் பழைய வண்டிக்கான உதிரிபாகப் பணத்தை வெட்டுவது எந்த நாட்டிலும் நிதிப் பிரிவுக்கு இனிப்பான யோசனை. மாற்று பத்து வருடம் தாமதமாகலாம் என்று வைத்துக்கொண்டுதான் அந்த முடிவை எடுக்க வேண்டும்.

புதிய வண்டி வந்தாலும் இந்தக் கணக்கு தீராது. 2022 ஜூலையில் கலிபோர்னியாவின் பென்டில்டன் முகாம் அருகே உயர்ந்த கரையலையில் ஒரு ஏ.சி.வி. பக்கவாட்டில் சாய்ந்தது, இன்னொன்று ஓடாமல் நின்றது. உயிரிழப்பு இல்லை. கரையலையில் ஓட்டுவதை நிறுத்திவைத்துவிட்டுப் பார்த்தபோது ஒரு பெரிய இடைவெளி தெரிந்தது. சங்கிலிச் சக்கர வண்டியில் பழகிய ஓட்டுநர்கள் எட்டுச் சக்கர வண்டியையும் அலையில் அப்படியே கையாண்டுவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் அலையில் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. அதன் பிறகுதான் இந்த வண்டிக்கென்று தனிப் பயிற்சிப் பிரிவு அமைத்து, ஓட்டுநர்களுக்கு ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொடுத்து மறுபடி சான்றளிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பிரிவுக்கான ஆள், பயிற்சி வண்டி, கடற்கரை, கால அவகாசம் எல்லாமே முதல் டெண்டரிலேயே விலையோடு இடம்பெற வேண்டிய வரிகள்.